முளைக்குச்சி அடிப்பதற்கு முன்னால்: உயர்மின் தடங்களுக்குப் பாதை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மின்தடப் பொறியாளர்களுக்கும், அவர்களுடைய பணிக்கு ஆணை வழங்கும் மாவட்ட ஆட்சியர்களுக்கும் வணக்கம்.

காங்கயம் வட்டாரத்தில் தென்னந்தோப்பும், கொறங்காடு என்று நாங்கள் சொல்லும் வேலியிட்ட மேய்ச்சல் நிலம் கொஞ்சமும் வைத்திருக்கும் விவசாயி நான். சில ஆண்டுகளுக்கு முன் என் தோட்டத்தில் ஓர் உயர்மின் கோபுரம் எழுந்தது. அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓட்டும் எனக்கு, மின்தடமே வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. முப்பந்தலிலும் உடுமலைப் பக்கத்திலும் சுழலும் காற்றாலைகளின் மின்சாரம் யாருடைய நிலத்தின் மேலாவது போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் பாதையை வரைந்து முடித்து, முளைக்குச்சியும் அடித்த பிறகு வராமல், வரைபடம் கரட்டு வடிவில் இருக்கும்போதே நிலத்துக்காரரிடம் வாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இழப்பீட்டைப் பற்றி நீண்டு எழுதப் போவதில்லை. மத்திய மின்துறை அமைச்சகம் 2015 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பி செல்லும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் என்று வைத்திருந்தது. 2024 ஜூனில் அவை முறையே 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டன. இடையில், 2018 டிசம்பரில் கொங்குப் பகுதி விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து நாள்கணக்கில் நடத்திய காத்திருப்புப் போராட்டம் உங்கள் நினைவில் இருக்கும். தொகை உயர்ந்ததை வரவேற்கிறேன். எனினும், இடம் தவறி நட்ட கோபுரத்தை எந்தத் தொகையாலும் நகர்த்த முடியாது. அதைப் பற்றித்தான் வழிகாட்டுதல்களும் பேச்சுவார்த்தைகளும் மிகக் குறைவாகப் பேசுகின்றன.

400 கிலோவோல்ட் தடத்துக்கு 46 மீட்டர் அகலப் பாதை வேண்டும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூருக்கு வந்திருக்கும் 800 கிலோவோல்ட் நேர்மின் (டி.சி.) தடத்துக்கு 69 மீட்டர். 46 மீட்டர் அகலத்தில் ஒரு தடம் நூறு மீட்டர் தூரம் தோட்டத்தைக் கடந்தாலே ஒரு ஏக்கருக்கு மேல் அதன் அடியில் போய்விடும். அந்த ஏக்கரில் மஞ்சளோ நிலக்கடலையோ போடலாம், தென்னை வைக்க முடியாது. இருக்கும் கிணறு வற்றினால் அங்கே போர்வெல் வண்டி தன் கம்பத்தை நிமிர்த்த முடியாது. பக்கத்துத் தென்னைகளில் நீளமான இரும்புக் குழாயில் தொரட்டி கட்டித் தேங்காய் பறிக்க ஆள் வரமாட்டார்கள்; வந்தாலும் அனுப்பக் கூடாது. இவை அனைத்தையும் 30 சதவீதம் என்ற ஒற்றை எண்ணுக்குள் அடக்க முயல்வது, கிணறு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே நிலத்துக்கு விலை சொல்வதைப் போன்றது.

கோபுரத்தின் இடம் இன்னும் நுட்பமான விஷயம். வேலியோரத்தில் நிற்கும் கோபுரம் எடுத்துக்கொள்வது தன் நான்கு கால்களுக்குள் அடங்கும் நிலத்தை மட்டுமே. அதே கோபுரம் ஐம்பது அடி உள்ளே தள்ளி வயலின் நடுவில் நின்றால், டிராக்டர் ஒவ்வொரு சாலிலும் அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். சொட்டுநீர்க் குழாய் வரிசைகள் உடைபடும். கால்களுக்கு நடுவே ரொட்டவேட்டர் நுழையாததால் அங்கே பார்த்தீனியம் விதை கட்டி, வயல் முழுவதும் பரவும். உங்கள் கணக்கேட்டில் இரண்டும் ஒரே பரப்பளவுதான். கோணலாக வயலை வெட்டிச் செல்லாமல் வரப்பை ஒட்டித் தடத்தைத் திருப்பினால், ‘ஆங்கிள் டவர்’ என்று நீங்கள் சொல்லும் கனமான கோபுரங்கள் கூடுதலாகத் தேவைப்படும், அதற்குச் செலவும் கூடும் என்பதை அறிவேன். ஆயினும் நேர்கோட்டில் மிச்சமாகும் செலவு ஒழிந்துபோவதில்லை, ஆண்டுதோறும் உழவுக் கூலியாக விவசாயியின் தலையில் ஏறுகிறது. எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் அதற்கென்று ஒரு வரி நான் கண்டதில்லை. திசை மாற்ற இயலாத இடத்திலும், இரு கோபுரங்களுக்கு இடையிலான தூரத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ கோபுரத்தை வேலிக்கு அருகே கொண்டுவர வாய்ப்பு உண்டல்லவா? அதைச் செய்ய, எந்த வரப்பு யாருடையது, எந்தத் தாழ்வில் மழைநீர் ஓடும், எங்கே வாய்க்கால் போகிறது என்று தெரிய வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் இவை முழுமையாகத் தெரிவதில்லை.

நிலத்தடி வடத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேசுவோம். புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் 320 கிலோவோல்ட் நேர்மின் தடம் 2021இல் தொடங்கி வைக்கப்பட்டது. அது தமிழ்நாட்டிலும் கேரளத்தில் வடக்கஞ்சேரி வரையிலும் கோபுரங்களின் மேலும், அங்கிருந்து மண்ணுக்கடியிலும் செல்கிறது. ஒரே தடம் கேரளத்துக்குள் போய் ஓரிடத்தில் தரையிறங்குவதைக் கண்ட விவசாயிகள் ‘எங்களுக்கு ஏன் இல்லை’ என்று கேட்டதை வீம்பு என்று ஒதுக்காதீர்கள். அதே வேளையில், 765 கிலோவோல்ட் மாறுமின் (ஏ.சி.) தடத்தை நெடுந்தூரம் புதைப்பது வேறு கணக்கு என்பதும், வடம் புதைத்த இடத்திலும் தென்னை வைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். முடியாத இடத்தில் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். சாலையோரம் புதைக்க முடிந்த இடத்திலும், பழைய தடத்தின் கோபுரத்திலேயே கூடுதல் கம்பிச் சுற்றுகளை ஏற்ற முடிந்த இடத்திலும் புதிய பாதை வெட்டாதீர்கள்.

வேலை நடக்கும் நாள்களின் சேதம் பெரும்பாலும் தவிர்க்கக் கூடியது. கரிசல் மண் ஈரமாக இருக்கும்போது கனரக வண்டி ஏறினால் அடிமண் இறுகி, அந்தத் தடத்தில் பல பருவங்களுக்குப் பயிர் சோர்ந்தே நிற்கும். என் தோட்டத்தில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஐப்பசி மழையில் வந்தார்கள். அஸ்திவாரக் குழியிலிருந்து எடுத்த சுக்கான் கல்லை மேல்மண்ணின் மேலேயே பரப்பிவிட்டுப் போனார்கள். வண்டி நுழையக் கொறங்காட்டின் கிளுவை வேலியை வெட்டியதால் இரவோடு இரவாக மாடுகள் அடுத்தவர் சோளக்காட்டில் மேய்ந்தன. கிளுவை வேலி மீண்டும் அடர ஆண்டுகள் ஆகும் என்பது இழப்பீட்டுப் பட்டியலில் இல்லை. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் வருவதும், மேல்மண்ணைத் தனியே குவித்துக் கடைசியில் மேலே போடுவதும், வேலை முடிந்ததும் நிலத்துக்காரரின் கையெழுத்து பெற்ற பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையை விடுவிப்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

மாவட்ட ஆட்சியர்களுக்குத் தனியாக ஒன்று. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆவது பிரிவு வழியாக, 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தின் அதிகாரங்கள் மின்தடங்களுக்குக் கிடைத்தன. நிலத்துக்காரர் தடுத்தால் அனுமதி ஆணை வழங்கும் 16ஆவது பிரிவு பலருக்கும் நினைவிருக்கிறது. இயன்ற அளவு குறைவான சேதத்துடன் பணி செய்ய வேண்டும் என்று சொல்லும் 10ஆவது பிரிவு மறந்துபோகிறது. தடை மனு உங்கள் மேசைக்கு வரும்போது, அந்தச் சர்வே எண்ணில் கோபுரத்தை வேலியோரம் நகர்த்த முடியுமா என்று ஆராய்ந்தீர்களா, நிலத்துக்காரருடன் எந்தத் தேதியில் நடந்து பார்த்தீர்கள் என்ற இரண்டு கேள்விகளை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பின் ஆணையிடுங்கள்.

அடுத்த தடத்தின் அளவீட்டுக்கு ஆள் அனுப்பும்போது கிராம சபையில் வரைபடத்தை ஒட்டி, ஒரு வாரம் முன்னதாகத் தகவல் சொல்லுங்கள். வரப்பைக் காட்ட நாங்கள் கூடவே நடந்து வருகிறோம்.

இப்படிக்கு,
காங்கயம் வட்டாரத்து விவசாயி ஒருவர்