விளைச்சல் குவிந்தும் பஞ்சாப் பட்ஜெட்டில் துண்டு விழுவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாட்டுக்கே கோதுமையும் அரிசியும் தரும் பஞ்சாப், ஆண்டுதோறும் பற்றாக்குறை பட்ஜெட் போடுகிறது. கடன் 3 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. விவசாயம் செழிப்பாக இருந்தும் கஜானா காலியாவது ஏன்?

மண்டியில் புரளும் பணம் மாநில அரசின் வரவு அல்ல. 2021 முதல், கொள்முதலுக்கு மத்திய அரசு அறிவிக்கும் ஆதார விலை நேராக விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. வேளாண் வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு. எந்தக் கட்சி வந்தாலும் போடத் துணிவதில்லை. தானியக் கொள்முதல் வரி 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யோடு போயிற்று. அதனால் வந்த வருவாய் இழப்புக்கு மத்திய அரசு தந்த ஜி.எஸ்.டி. இழப்பீடும் 2022 ஜூனோடு நின்றது. மிஞ்சியவை, கொள்முதலாகும் தானியத்துக்காக மத்திய அரசிடமிருந்து மாநிலம் பெறும் சந்தைக் கட்டணமும் ஊரக வளர்ச்சிக் கட்டணமும்தான். 2025 கோதுமைப் பருவத்தில் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,425 ரூபாய். ஊரக வளர்ச்சிக் கட்டணம் 3 சதவீதம் என்று வைத்தால் குவிண்டாலுக்கு 72.75 ரூபாய், 1 கோடி டன்னுக்கு ஏறத்தாழ 727 கோடி. இந்த ஊரக வளர்ச்சிக் கட்டணத்தையும், விவசாயக் கடன் தள்ளுபடிக்குத் திருப்பிவிட்டார்கள் என்று ஆட்சேபித்து மத்திய அரசு நிறுத்திவைக்க, பஞ்சாப் 2023-ல் உச்ச நீதிமன்றம் போனது.

வரவு இப்படி. செலவைப் பாருங்கள். சுமார் 14 லட்சம் பம்புசெட்டுகளுக்கான இலவச மின்சாரத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 9,000 கோடி ரூபாய்க்கு மேல் போகிறது. இந்தத் தொகை தானாகவே வளரக்கூடியது. மழையாலும் கால்வாயாலும் நிலத்தில் ஊறுவதைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேலான நீர் அங்கே இறைக்கப்படுகிறது. நீர்மட்டம் 20 மீட்டரிலிருந்து 40 மீட்டருக்கு இறங்கினால், அதே தண்ணீரை மேலே கொண்டுவர இரு மடங்கு மின்சாரம் வேண்டும். சாகுபடிப் பரப்பு ஒரு ஏக்கர்கூடக் கூடாமலேயே மானியம் ஏறிவிடும். பெரும்பாலான பம்புசெட்டுகளுக்குத் தனி மீட்டரும் இல்லை. ஐந்தாறு மோட்டார் வைத்திருக்கும் பெரிய பண்ணையாருக்குத்தான் இதில் பெரும்பங்கு. இரண்டு ஏக்கர்காரருக்குக் கிடைப்பது சொற்பம். இது அநியாயம்.

பழைய பாக்கி வேறு. மத்திய அரசுக்காக மாநிலம் செய்த தானியக் கொள்முதல் கணக்கில் விழுந்த சுமார் 31,000 கோடி ரூபாய்த் துண்டு, 2017-ல் 20 ஆண்டுத் தவணைக் கடனாக்கப்பட்டது. விளைச்சல் எப்படி இருந்தாலும் அதற்கு ஆண்டுக்கு 3,000 கோடிக்கு மேல் கட்டியாக வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. 2018-ல் சில மின்தடங்களில் தொடங்கிய திட்டத்தில், மோட்டாருக்கு மீட்டர் பொருத்தி, மாத அளவு நிர்ணயித்து, மிச்சப்படுத்தும் யூனிட்டுக்கு 4 ரூபாய் விவசாயியின் கணக்கில் போட்டார்கள். இதை நெல் வட்டாரங்கள் முழுவதற்கும் விரிவுபடுத்தலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு மோட்டார் மட்டும் இலவசம், மற்றவற்றுக்குக் கட்டணம் என்று அடுத்த பட்ஜெட்டிலேயே அறிவிக்க வேண்டும்.