பின்னால் யார்?

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். மழை விடவில்லை. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போடலாம்தான், தம்பி கேட்டுவிடுவான், அதனால் தபாலிலேயே போடுகிறேன்.

நீ வந்துபோய் ஐந்து கிழமை ஆகிறது. அதற்குப் பிறகு தம்பிக்கு மட்டும்தான் கோல் எடுக்கிறாய். சரி, வேலை இருக்கும். வத்தளையில் அறை வாடகை இப்போது எவ்வளவு? கடைச் சம்பளத்தில் வாடகையும் கொடுத்து, இங்கேயும் அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காணி உரிமைக் கூட்டத்துக்கும் பஸ் ஏறுகிறாய். எப்படி முடிகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. சும்மாதான் கேட்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

மேல் லயத்து அத்தை போனில் காட்டினார், நீ மைக் பிடித்துக் காணி உரிமை பற்றிப் பேசுகிறதை. ஏழு பேர்ச்சஸ், பத்து பேர்ச்சஸ் என்று நீ சொன்னதெல்லாம் அவருக்கு விளங்கவில்லை, எனக்கு விளங்கியது. அம்மாயி இருந்திருந்தால் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார். நானும் இரண்டு தடவை போட்டுக் காட்டச் சொன்னேன். அப்புறம் அத்தை கேட்டார், “இதுக்கெல்லாம் எந்த அமைப்பு காசு குடுக்குது?” நான் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தேன். பெற்ற தாயிடமாவது நீ சொல்லியிருக்கலாம்.

நான் பதினொரு வருடம் தோட்டச் சங்கத்தில் மாதர் தலைவியாக இருந்தவள். ஆர்ப்பாட்டம் எப்படி நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முதல் நாள் இரவு சங்கக் காரியாலயத்திலிருந்து கோல் வரும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் யாரும் மலைக்கு ஏறக் கூடாது, ரோட்டுக்கு வர வேண்டும் என்று. அட்டைகளும் அங்கிருந்தே வரும். ஒரு தடவை முப்பது அட்டையிலும் “தொழிளாளர்” என்று ஒரே பிழை, ஒரே கையெழுத்து. நீ அப்போது ஓஎல் படித்துக்கொண்டிருந்தாய், பார்த்துச் சிரித்தாய், உன்னை அடித்தேன், ஞாபகம் இருக்கும். அன்று இரவு செய்தியில் தோட்ட மக்கள் தாமாகவே வீதிக்கு இறங்கினார்கள் என்றார்கள். மூன்றாம் நாள் போதும் என்று கோல் வந்தது, என்ன கிடைத்தது என்று கேட்காமலே எல்லோரும் கூடையைக் கட்டிக்கொண்டு ஏறினோம். அந்த மூன்று நாளும் எங்களுக்குப் பெயர் இல்லை, நாள் சம்பளம் இல்லை. நிறுத்தச் சொன்னவருக்கு ஒரு சதம் குறையவில்லை, அந்த மாதமும் சம்பளத்தில் சந்தா வெட்டிக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சம்பளம் போதாது என்பதை யாரும் எங்களுக்கு எழுதித் தர வேண்டியிருக்கவில்லையே, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

பின்னால் ஆள் இருக்கிறது என்கிற பேச்சு புதிது இல்லை. 1937இல் மடுல்கலைப் பக்கம் பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்காரர் தொழிலாளருக்காகப் பேசினார் என்று நாட்டை விட்டே போகச் சொன்னார்கள். கூலி போதாது என்று கூலிக்காரனுக்குத் தானாகத் தெரியாது என்று துரைமாருக்கு நினைப்பு. 2015இல் கேரளாவில் மூணாறில் நம்மைப் போலக் கொழுந்து பறிக்கிற தமிழ்ப் பெண்கள் போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள், சங்கத் தலைவர்மாரையே கிட்டே வராதே என்று விரட்டினார்கள். உடனே தீவிரவாதிகள் தூண்டுகிறார்கள் என்று பேச்சு. டிவியில் அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. நான் அப்போது தலைவி. 2022இல் கொழும்பு காலிமுகத்திடலில் மக்கள் கூடியதையும் வெளிநாட்டுச் சதி என்று பதவி போன ஜனாதிபதியே புத்தகம் எழுதினார். 13 மணி நேரம் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அதற்கு முந்தின வருடம் ரசாயன உரத்தை நிறுத்தினார்களே, கொழுந்து குறைந்து, குறித்த கிலோ எட்டாமல் அரைப் பெயர், பாதி நாள் சம்பளம் வாங்கினோமே, அது எந்த நாட்டுக்காரன் செய்தது?

இவ்வளவு பேசுகிறேன். நான் செய்தது உனக்குத் தெரியாது.

2018 அக்டோபர் 24. அப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டபோது உடுத்திய கறுப்புச் சட்டையை எடுத்துக்கொண்டு நீ விடியற்காலையிலேயே கொழும்புக்குப் போனாய். பேஸ்புக்கில் கூப்பிட்டார்கள், நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டுக் காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கில் கூடினீர்கள். அந்த ஆயிரம் என்ற தொகையே தலைவர்மார் மேடையில் சொன்னதுதான், நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு விடாததுதான் அவர்களுக்குக் கோபம். முதல் நாளே சங்கத்திலிருந்து எனக்குக் கோல் வந்தது: யாரோ பின்னால் நின்று பஸ் பிடித்துக் கொடுக்கிறார்கள் என்று பெண்களிடம் சொல்லிவிடுங்கள். கொழுந்து நிறுக்கும்போது மடுவத்தில் வைத்துச் சொன்னேன். என் மகளும் அதில் ஏமாந்துவிட்டாள் என்றும் சேர்த்துக்கொண்டேன். அதைச் சொன்னால்தான் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஹட்டன் அடகுக் கடை ரசீது. உன் தோடு, காது குத்தியபோது மாமா போட்டது. உன்னோடு போன நான்கு பிள்ளைகளின் பஸ் காசும் அதுதான் என்று பிறகு அதில் ஒரு பிள்ளையிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உன்னிடம் கேட்கவில்லை. மடுவத்திலும் வாயைத் திறக்கவில்லை. 2019 ஜனவரியில் நாள் அடிப்படைச் சம்பளம் 700 என்று சங்கத் தலைவர்மார் கையெழுத்துப் போட்டார்கள். கொழும்புக்குப் போன பிள்ளைகள் காசை வாங்கிக்கொண்டு அடங்கிவிட்டார்கள் என்று பெண்கள் பேசினார்கள், நானும் தலையாட்டினேன். ஆயிரம் வர 2021 மார்ச் ஆனது. அத்தை இப்போது கேட்டது அவருடைய கேள்வி இல்லை மகள், நான் அன்று மடுவத்தில் போட்டதுதான்.

ஆனாலும் தாய் மனம், கேட்காமல் இருக்க முடியவில்லை. மைக்குக்கு, பதாகைக்கு யார் கொடுத்தாலும் ஒரு கொப்பியில் எழுதி வை, எல்லோரும் பார்க்கிற மாதிரி வை. தொடங்கச் சொல்கிறவரை விட நிறுத்தச் சொல்கிறவர் யார் என்று பார், எங்களுக்கு அது கடைசி வரை தெரியவில்லை. இருட்டுவதற்கு முன் அறைக்குப் போ. கணக்கை எழுதி வை.

தோடு ஏலத்தில் போயிருக்கும். ரசீதை என் சம்பளத் துண்டுகளோடு கட்டி வைத்திருக்கிறேன். மேல் லயத்து அத்தையிடம் நாளைக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று இருக்கிறேன், காட்டட்டுமா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்கே கோல் எடு. அப்பாவின் முழங்காலுக்கு அந்த எண்ணெய் ஒரு போத்தல் வாங்கி வை, பொங்கலுக்கு வரும்போது கொண்டு வரலாம்.

அம்மா