புகைபோக்கியை அடைத்துவிட்டுக் கேஸ் கணப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்தொரு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் இலையை உலர்த்தும் டிரையர் அடுப்புக்குத் தீ போட்டவன் நான். இப்போது சூரியநெல்லிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறேன். மகளும் மருமகனும் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறார்கள்.

கூடத்தில் குளிர்காயக் கருங்கல்லில் கட்டிய பழைய கணப்பு உண்டு. கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் மர விறகுதான் எரிப்போம். புகை வருகிறது என்று விருந்தினர் சிலர் முகம் சுளிக்கவே, சென்ற டிசம்பரில் மருமகன் அதற்குள் கேஸ் கணப்பு பொருத்தினார். பீங்கானில் செய்த விறகுக்கட்டைகள், அவற்றின் நடுவே தீ. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. பொருத்த வந்தவர் அரை நாளில் வேலையை முடித்துக் கூலி வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அன்றிரவு ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் தீயைப் பற்றவைத்தோம். முக்கால் மணி நேரம் ஆகியிருக்காது, ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழிந்தது. என் மனைவி தலைவலிக்கிறது என்றாள். வெளியே பனி, உள்ளே தண்ணீர் எப்படி வந்தது? ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். அந்த ஆவி அறைக்குள் நிற்கிறது என்றால் தீயின் கழிவுக் காற்று முழுவதும் அங்கேயே நிற்கிறது என்றுதான் அர்த்தம். தீயை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டேன்.

காலையில் கூரைமேல் ஏறிப் பார்த்தால், கணப்பைப் பொருத்தியவர் புகைபோக்கியின் வாயைத் தகரம் வைத்து சிமெண்ட் பூசி அடைத்திருக்கிறார். மழையும் குருவியும் வராதாம்! கேஸுக்குப் புகை இல்லை, புகைபோக்கி எதற்கு என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியும் புகையைவிடத் தெரியாத புகைதான் கொல்லும். காற்று போதாமல் எரியும் தீ கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் மலையில், அடைத்த அறையில் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கிய கேரளத்துக்காரர்கள் எட்டுப் பேர் இறந்தார்கள். நான்கு பேர் குழந்தைகள். அதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

சிலிண்டர் வைத்த இடம் இன்னும் மோசம். கணப்பை ஒட்டிய மர அலமாரிக்குள் வைத்து, காற்றோட்டத்துக்கு என்று கதவின் மேல்பக்கம் நான்கு துளை போட்டிருக்கிறார். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடுதான் தவழும், மேல்துளையை எட்டிப் பார்க்காது. துளை தரைமட்டத்தில் இருக்க வேண்டும். அதைவிட, சிலிண்டரே வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ரப்பர் குழாய் சூடேறும் இரும்புத் தட்டை உரசிக்கொண்டு போகிறது. தீக்கு ஒரு முழ உயரத்தில் மரப்பலகை, அதன்மேல் பிளாஸ்டிக் பூ, காயப்போட்ட துண்டு. தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் கருவியும் அதில் இல்லை. போடிமெட்டுக் காற்று ஜன்னல் வழியாக ஒருமுறை வீசினால் போதும், தீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

ஹோம்ஸ்டே அனுமதிக்கு வந்தவர்கள் கழிப்பறையைப் பார்த்தார்கள், வாகனம் நிறுத்த இடம் கேட்டார்கள். கணப்பின் பக்கம் யாரும் திரும்பவில்லை. கேஸ் கணப்பு வைத்த ஒவ்வொரு விடுதியையும் வீட்டையும் தீயணைப்புத் துறை நேரில் பார்த்து எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும், அதன் பிறகே ஊராட்சி அனுமதி தர வேண்டும் என்று கேட்கிறேன். கணப்போடு வரும் விளக்கத்தாளும் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. அறையைக் கூட்டிப் பெருக்கி இரவில் தீ பற்றவைத்துக் கொடுப்பவர்கள் தோட்டத்து லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வரும் தமிழ்ப் பெண்கள். அவர்கள் வாசிக்கும்படி தமிழிலும் அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்? கசிவு வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906 எண்ணை அழைக்க வேண்டும் என்பதையாவது சுவரில் ஒட்டலாம்.

கொத்தனாரை வரவழைத்துத் தகரத்தை உடைத்துவிட்டோம். மருமகன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. விருந்தினருக்கு இப்போது ஆளுக்கு இரண்டு கம்பளி கூடுதலாகக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்,
சூரியநெல்லி, இடுக்கி மாவட்டம்.