பாம்பன் பாலத்தை மேசைக்குக் கொண்டுவருவது பற்றி

மண்டபம்

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த வரைபடமும் கிடைத்தன. கீழக்கரை வீட்டு மாடியில் பதினாலு அடி நீளத்துக்கு ஒரு சுவர் முழுசாகக் கிடைத்திருக்கிறது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இனி அதை வீணாக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

பாம்பன் ரயில் பாலத்தின் ஓடும் மாதிரியை 1:87 அளவில் (அசலில் 87-ல் ஒரு பங்கு), நீளத்தைக் குறைக்காமல் முழுசாகச் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். 2,065 மீட்டரை 87-ஆல் வகுத்துப் பார். 23.7 மீட்டர் வரும். அதற்குத் தெருவே வேண்டும். அதனால் நீ போட்டிருக்கும் படத்தில் எல்லாக் கண்களையும், அதாவது தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளிகளை, ஒரே அளவில் சுருக்கியிருக்கிறாய். அங்கேதான் தப்பு நடக்கிறது. கண் சுருங்கினால் பக்கத்தில் நிற்கும் பெட்டி பெரிதாகத் தெரியும், பாலம் பொம்மையாகிவிடும். கண்ணின் அளவில் கைவைக்காதே, எண்ணிக்கையில் மட்டும் கைவை. 40 அடி கர்டர், அதாவது இரும்பு உத்தரம், என்றால் 140 மில்லிமீட்டர். தூண் தலையின் அகலத்தையும் சேர்த்து, தூண் மையத்திலிருந்து மையத்துக்கு 158 மி.மீ. வைத்துக்கொள். அசலின் மொத்த நீளத்தில் தூக்குப்பாலத்தைக் கழித்துவிட்டு மீதியை 145 கண்களுக்குப் பங்கிட்டாலும் கிட்டத்தட்ட இதே அளவுதான் வரும். நடுவே தூக்குப்பாலத்துக்கு 72 செ.மீ., அதன் இருபுறமும் எட்டெட்டுக் கண்கள். மொத்தம் 3.25 மீட்டர். இரண்டு முனையிலும் அரை மீட்டர் மிஞ்சும். 45 செ.மீ. ஆரத்தில் வளைவு போட்டு ரயிலைப் பின்திரைக்குப் பின்னால் கொண்டுபோய்விடலாம். நம் நினைவில் பாலம் நீளமாக இருப்பதற்குக் காரணம் மீட்டர் கணக்கு இல்லை, ஒரே மாதிரித் தூண்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருப்பதுதான். பதினாறு கண் இருந்தால் அந்த உணர்வு கிடைத்துவிடும்.

ஒரு தகட்டை வெட்டும் முன்னால் வருஷத்தை முடிவு செய். பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. அன்றிலிருந்து 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நிற்கும்வரை, பார்க்கிறவன் எங்கே நின்றான் என்பதே மாறிப்போயிருக்கிறது. சாலைப்பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2. அதற்கு முன்னால் பாலத்தைப் பார்த்தவர்கள் ஜன்னலோரத்தில் இருந்தோ, வத்தைப் படகில் இருந்தோ, கரையில் இருந்தோ பார்த்தார்கள். அதற்குப் பிறகு எல்லாருக்கும் மேலிருந்து கீழே பார்த்த நினைவுதான். ஆகவே நீ 1975-ஐ எடுத்தால் தண்டவாளம் கண்மட்டத்துக்கு வர வேண்டும், அதாவது பலகையைத் தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் வை. தூணின் பக்கவாட்டும் கர்டரின் அடிப்புறமும் நன்றாகத் தெரியும், அங்கே உழைக்கலாம். 1995 என்றால் பலகை 95 செ.மீ. போதும். அப்போது பெட்டியின் கூரை, எஞ்சின் மேல் விசிறி, சிலீப்பர் கட்டைகளுக்கு நடுவே தெரியும் தண்ணீர் இவற்றில்தான் கண் விழும். எனக்கு 1990-களின் மீட்டர் பாதைதான் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர்) பிடித்திருக்கிறது: ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின், செங்காவிப் பெட்டிகள், கீழே நாட்டுப்படகு.

1964-ஐ வேண்டாம் என்று சொல்வேன். டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிப் புயலில் கடல் கொண்டுபோன ரயிலில் இருந்தவர்களின் குடும்பங்கள் இந்தக் கரையில் இன்னும் இருக்கின்றன. தனுஷ்கோடி செய்ய ஆசை என்றால் புயலுக்கு முந்திய தனுஷ்கோடியைச் செய். துறைமுகத்தில் நிற்கும் போட் மெயிலும் தலைமன்னாருக்குப் புறப்படும் கப்பலுமாக அதுவே ஒரு தனி வேலை. அதைச் செய்வதானால் 1951-க்கு முன்னா பின்னா என்று பார்த்துக்கொள். முன்னால் அது தென்னிந்திய ரயில்வே, பெட்டியில் எழுத வேண்டிய எழுத்து வேறு.

பாதை விஷயத்தில் நீ 16.5 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளம் வாங்கலாம் என்று எழுதியிருக்கிறாய். வாங்காதே. 1:87 அளவில் மீட்டர் பாதைக்கு 11.5 மி.மீ. வர வேண்டும். கடையில் கிடைக்கும் 12 மி.மீ., அதாவது 1:87 மீட்டர் பாதைக்கென்று விற்கும் ஹெச்.ஓ.எம்., அரை மில்லிமீட்டர்தான் கூடுதல். கண்ணுக்குத் தெரியாது. 2007-க்குப் பிந்திய அகலப்பாதையைச் செய்கிறவர்கள்கூட 16.5-ல் ஓட்டிச் சமாளிக்கிறார்கள். 1,676 மி.மீ. பாதைக்கு 19.3 வேண்டும். மூன்று மில்லிமீட்டர் குறைவதால் எஞ்சின் ஒல்லிக்கால் வைத்ததுபோல் நிற்கும். மீட்டர் பாதையை எடுக்கிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தண்டவாளத்தின் உயரமும் முக்கியம். கெஜத்துக்கு 75 பவுண்டு எடையுள்ள தண்டவாளம் 129 மி.மீ. உயரம், அளவில் 1.5 மி.மீ. ஹெச்.ஓ.எம். பாதையில் சாதாரணமாக வருவது கோட் 75 (உயரம் அங்குலத்தில் ஆயிரத்தில் 75 பங்கு), அது 1.9 மி.மீ. பின்திரைக்குப் பின்னால் அதைப் போடு, முன்னால் தெரியும் பாலத்துக்கு மட்டும் கோட் 55 வாங்கி நீயே செப்புத்தகடு ஒட்டிய கட்டைமேல் சால்டர் வை. மூன்றேகால் மீட்டர்தானே, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. கோட் 55-க்கு உள்விளிம்பு ஆழமில்லாத சக்கரம் வேண்டும். பழைய பொம்மைச் சக்கரம் சால்டர் பொட்டில் ஏறித் துள்ளும்.

கர்டர் பாலத்தில் ஓடும் தண்டவாளங்களுக்கு உள்ளே இன்னொரு ஜோடி காவல் தண்டவாளம் உண்டு. பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். ஓடும் தண்டவாளத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி வரும். அதை உலோகத்தில் வைத்தால் சக்கரத்தின் பின்புறம் உரசி மின்சாரம் குறுக்கிடும். பிளாஸ்டிக் பட்டையில் செய்து துருநிறம் பூசிவிடு. பாலத்தின்மேல் ஜல்லி கிடையாது என்பதையும் மறந்துவிடாதே. கட்டைகளுக்கு நடுவே கடல் தெரிய வேண்டும், கீழே பலகை தெரியக் கூடாது.

கர்டருக்குத் தகடு தேடி அலைய வேண்டாம். ராமநாதபுரத்தில் எந்த அச்சகத்திலும் பழைய ஆப்செட் பிளேட் கிடைக்கும். 0.15-லிருந்து 0.3 மி.மீ. வரை தடிமன் உள்ள அலுமினியம். கத்தரிக்கோலால் வெட்டலாம். பின்பக்கமிருந்து மழுங்கிய ஊசியால் அழுத்தினால் ரிவெட் தலை அழகாக எழும்பும். அடியில் ரப்பர் பாய் போட்டால் குழி விழும், தடித்த அட்டை போடு. ஒரே ஒரு குறை, அலுமினியத்தில் சால்டர் பிடிக்காது. அரால்டைட் தடவி 24 மணி நேரம் கிளிப் போட்டு வை. ஒட்டும் இடத்தை முதலில் உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவில்லை என்றால் ஒரு மாதத்தில் விட்டுவிடும். ரிவெட்டை எல்லாக் கர்டரிலும் போட்டு உன்னை வதைத்துக்கொள்ளாதே. பார்வைக்கு நேரே வரும் நாலு கண்களுக்கும் தூக்குப்பாலத்துக்கும் போட்டால் போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உன் படத்தில் தூக்குப்பாலத்தின் இரண்டு இறக்கைகளும் கீல் போட்ட கதவு மாதிரி ஒரே இடத்தில் நின்று மேலே போகின்றன. பாம்பன் பழைய பாலத்துடையது ஷெர்ஸர் வகை. இறக்கையின் அடிமுனையில் வட்டத்துண்டு ஒன்று இருக்கும். அது படுக்கைத் தளத்தின்மேல் உருண்டு பின்னால் போகும்போதுதான் இறக்கை எழும். எழுவதும் பின்வாங்குவதும் ஒரே அசைவு. கப்பல் போக இடம் அகலமாகக் கிடைப்பது அதனால்தான். கீல் போட்டுத் தூக்கினால், பாம்பனில் ஒருமுறை நின்று பார்த்தவன்கூட ‘என்னமோ சரியில்லை’ என்பான். எது சரியில்லை என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது.

செய்முறை இதுதான். ஒவ்வொரு இறக்கையும் 36 செ.மீ. வட்டத்துண்டின் ஆரம் 7 செ.மீ., 3 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டச் சொல். 80 பாகை எழுந்தால் அது 9.8 செ.மீ. பின்னால் உருளும், அந்த இடத்தைத் தூண்தலையில் ஒதுக்கி வை. வழுக்காமல் இருக்க விளிம்பில் 15 பாகைக்கு ஒரு முளை, 1 மி.மீ. கம்பியில். தளத்தில் 18.3 மி.மீ.-க்கு ஒரு துளை. முளை இல்லாமல் விட்டால் நாலு தடவை ஏறி இறங்கியதும் ஒரு இறக்கை முன்னே, ஒன்று பின்னே நிற்கும், நடுவில் தண்டவாளம் சேராது.

அடுத்தது எடை. இறக்கையும் எதிர்எடையும் சேர்ந்த மொத்தத்தின் ஈர்ப்பு மையம், வட்டத்துண்டின் மையத்திலேயே விழ வேண்டும். அப்படி விழுந்தால் உருளும்போது மையம் கிடைமட்டமாக மட்டுமே நகரும். எந்தக் கோணத்திலும் இறக்கை தானே நிற்கும், விரலால் தள்ளினால் போகும். அசலில் ஒவ்வொரு இறக்கையும் 400 டன்னுக்கு மேல். அதை நெம்புகோல் பிடித்து ஆட்களே திறந்தார்கள் என்றால் அந்தச் சமநிலைதான் காரணம். உன் இறக்கை 150 கிராம், அதன் மையம் வட்டமையத்திலிருந்து 17 செ.மீ. முன்னால் என்று வை. எதிர்எடைப் பெட்டி 5 செ.மீ. பின்னால் இருந்தால் 150-ஐ 17-ஆல் பெருக்கி 5-ஆல் வகு: 510 கிராம். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு அதற்குப் பொருத்தம், 45 கன செ.மீ. இடத்தில் அடங்கிவிடும். முழுசாக ஒட்டிவிடாதே. 30 கிராம் குறைவாக ஒட்டி, பெயின்ட் அடித்து முடித்த பிறகு மீதியைச் சேர். பெயின்டும் எடைதான்.

வட்டத்தின் மையம் நேர்கோட்டில் நகர்கிறது அல்லவா, ஆகவே தள்ளுவதும் அங்கேயே. என்20 என்ற சின்னக் கியர் மோட்டார், நிமிஷத்துக்கு 150 சுற்று; எம்3, அதாவது 3 மி.மீ. திருகுக்கம்பி. ஒரு சுற்றுக்கு அரை மி.மீ. நகரும். 196 சுற்று வேண்டும், 78 வினாடி ஆகும். அந்த நிதானம்தான் அழகு. இரண்டு முனையிலும் மைக்ரோ சுவிட்ச், ஒவ்வொன்றின் குறுக்கே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்று. டயோடு இல்லையென்றால் முனையைத் தொட்ட மோட்டார் திரும்பி வராது. இறக்கை முழுசாக உட்கார்ந்தால்தான் இரண்டு பக்கமும் 60 செ.மீ. தண்டவாளத்துக்கு மின்சாரம் போக வேண்டும். இன்னொரு சுவிட்சால் அதைக் கட்டிவிடு, இல்லாவிட்டால் என்றாவது எஞ்சின் கடலில்தான்.

ஓட்டும் வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசலில் மணிக்கு 10 கி.மீ. என்று கொண்டால் உன் பாலத்தில் வினாடிக்கு 3.2 செ.மீ. மூன்றேகால் மீட்டரைக் கடக்க 100 வினாடி. எஞ்சின் விக்காமல் இந்த வேகத்தில் போக வேண்டுமானால் எல்லாச் சக்கரத்திலிருந்தும் மின்சாரம் எடுக்க வேண்டும், உள்ளே மின்தேக்கியும் வேண்டும். 12 மி.மீ. பாதையில் ஓடும் டி.டி. (1:120) மாதிரி அளவு ஆறச்சு டீசலின் அடிச்சட்டம் வாங்கி, ஒய்.டி.எம்.4 உடலை முப்பரிமாண அச்சில் எடுத்து மேலே உட்காரவை. பெட்டிக்கு 110-லிருந்து 120 கிராம் எடை இருக்கட்டும். காற்று மணிக்கு 58 கி.மீ.-ஐத் தாண்டினால் அசலில் ரயிலுக்குச் சிக்னல் விழாது என்று இருந்தது. பாலத்துக்கு முன்னால் ரயிலை ஐந்து நிமிஷம் நிறுத்தி வைத்தாலே போதும், இங்கே ரயிலில் வந்து பழகியவர்களுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிடும்.

கடலை ஒரே நிறத்தில் ஊற்றிவிடாதே. பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை வீசும் மாதங்களில் வடபக்கம் குமுறும், தென்பக்கம் அடங்கிக் கிடக்கும். சோளகம் என்ற தென்காற்று வந்தால் நேர்மாறு. ஒரு பக்கம் குளம், இன்னொரு பக்கம் அலை என்று செய்தாலே எந்த மாதம் என்று ஊர்க்காரன் சொல்லிவிடுவான். எபாக்சி பிசினை நம் ஊரில் நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஈரக்காற்றில் மேலே பால்போல் ஆடை கட்டும். ப்ளைவுட்டில் மணல்திட்டுக்கு வெளிர்பச்சை, பாறைக்குக் கரும்பழுப்பு, கால்வாய்க்கு நீலம் என்று நிறம் அடி. மேலே டிஷ்யூ தாளை, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து விரித்து, ஈரம் இருக்கும்போதே தூரிகையால் அலையைத் தள்ளு. காய்ந்த பின் திரும்ப நிறம், பிறகு மூன்று பூச்சுப் பளபளப்பு வார்னிஷ். ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் தூணில் சிப்பி ஒட்டிய கறைப்பட்டை ஒரு செ.மீ.-க்கு மேல் போகக் கூடாது.

கரைக்கு நம் மணலையே போட ஆசையாக இருக்கும். மூன்று தண்ணீரில் அலசி உப்பை எடு, வறுத்துக் காயவை, வேட்டித் துணியில் சலி. கடைசியாகக் காந்தத்தை மேலே ஓட்டு. கருமணல் இருந்தால் அது மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

உப்புக்காற்று எனக்கும் உனக்கும் ஒன்றுதான். இரும்புத் தண்டவாளம் வேண்டவே வேண்டாம், நிக்கல் சில்வர் மட்டும். உப்புத்தாளால் தேய்த்தால் கீறலில் அழுக்கு தங்கும். துணியில் துளி மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, உலர்ந்ததும் 6பி பென்சிலை உள்விளிம்பில் ஒருமுறை இழு. ப்ளைவுட்டின் ஆறு பக்கமும் வார்னிஷ் அடி, வெட்டிய ஓரம் முக்கியம், ஈரம் ஏறுவது அங்கேதான்.

முதலில் ஒரே ஒரு இறக்கையைச் செய். பென்சிலின்மேல் குறுக்கே வைத்து எங்கே சமமாக நிற்கிறது என்று குறி போடு, சமையலறைத் தராசில் எடை பார். அந்த இரண்டு எண்ணையும் எழுது. பாம்பன் வலைக்கடையில் ஈயம் வாங்கி, சரியாக நிறுத்து, பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பங்காளி