பம்ப் வாங்கும் முன்னால் கேஜ் மாட்டிப் பார், அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. காலையில் முதல் தடவை வண்டிக்குச் செல்ஃப் அடித்தால் பிடிக்காமல் சுத்திக்கொண்டே இருக்கிறது, சாவியை ரெண்டு மூணு தடவை ஆன் ஆஃப் பண்ணிவிட்டு அடித்தால் டக்கென்று பிடித்துக்கொள்கிறது என்று போனில் சொன்னாயே, அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. அந்த ஒர்க்‌ஷாப்காரர் பானெட்டைக்கூடத் திறக்காமல் “பெட்ரோல் பம்ப் போச்சு, டேங்கை இறக்கணும்” என்றாராம். இருந்தாலும் இருக்கும். ஆனால் பெட்ரோல் பிரஷரைக் கேஜ் மாட்டி அளந்து பார்க்காமல் சொன்ன பேச்சுக்குக் காசை எடுத்து நீட்டாதே.

உன்னுடையது 1998 செவ்ரோலே பிக்கப், 5.7 லிட்டர் வோர்டெக் இஞ்சின். சவுதியில், தமாமில் நான் இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு இதே இஞ்சின் போட்ட ஜி.எம்.சி. பிக்கப்பும் சபர்பனும் வந்துகொண்டே இருக்கும். இதே 5.7-ல் 1995 வரை வந்த த்ராட்டில் பாடி மாடலுக்கு (காற்று நுழையும் வாயிலேயே பெட்ரோலைத் தெளிப்பது) 9 முதல் 13 பி.எஸ்.ஐ. பிரஷர் போதும். 1996-ல் வோர்டெக் வந்ததும் அது 60 முதல் 66 ஆகிவிட்டது. யாராவது பழைய வண்டிக்காரர் “45 வருதா, தாராளம்” என்றால் கேட்டுக்கொள்ளாதே. உன் இஞ்சினுக்கு 55-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே சந்தேகம்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், இதில் பெட்ரோலை அளந்து விடுகிற இஞ்செக்டர் எல்லாம், காற்று உள்ளே போகிற இன்டேக்கின் மேல்மூடிக்குள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து எட்டு நைலான் குழாய்கள் எட்டு சிலிண்டருக்கும் பிரிந்து போகும். பார்க்க எட்டுக்கால் பூச்சி மாதிரி இருப்பதால் மெக்கானிக்குகள் அதை ஸ்பைடர் என்பார்கள். ஒவ்வொரு குழாய் நுனியிலும் ஸ்பிரிங் வைத்த சின்ன வால்வு இருக்கிறது. அந்த ஸ்பிரிங்கைத் தள்ளித் திறப்பது பெட்ரோலின் பிரஷர்தான். பிரஷர் கொஞ்சம் குறைந்தாலும் வால்வு சரியாகத் திறக்காது. டேங்கில் பம்ப் ‘ஙொய்ங்’ என்று ஓடுகிறதே என்று மாப்பிள்ளை சொன்னார். சத்தம் கேட்டால் மோட்டார் சுத்துகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கேஜ் விலைக்கு வாங்க வேண்டாம். அங்கே அமெரிக்காவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் டெபாசிட் வாங்கிக்கொண்டு இரவல் தருவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்பி வரும். 100 பி.எஸ்.ஐ. வரை காட்டுகிற கேஜ்தானா என்று மட்டும் பார்த்து வாங்கு. இஞ்சினுக்குப் பின்பக்கம், டிஸ்ட்ரிபியூட்டரை ஒட்டி வருகிற பெட்ரோல் லைனில் டயருக்குக் காற்றடிக்கும் வால்வு போலவே ஒன்று மூடி போட்டு நிற்கும். கேஜின் ஹோஸை அதில்தான் மாட்ட வேண்டும்.

இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வண்டியைக் கராஜுக்குள் வைக்காதே, வெளியே நிறுத்து. டேங்க் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் அழுத்தத்தை விட்டுவிடு. வால்வைச் சுற்றிப் பழந்துணி வைத்துக்கொண்டு மாட்டு, கொஞ்சம் பீய்ச்சத்தான் செய்யும், கண்ணாடி போட்டுக்கொள். தீயணைப்பு சிலிண்டர் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மாப்பிள்ளை புகை பிடிப்பதை விட்டுவிட்டார் என்று உன் அம்மா சொல்கிறாள், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்: பக்கத்தில் நெருப்பே ஆகாது.

இனி அளக்கிற வேலை. சாவியை ஆன் பண்ணு, செல்ஃப் அடிக்காதே. பம்ப் ரெண்டு செகண்ட் ஓடி நின்றுவிடும். லைனில் காற்று இருந்தால் முதல் தடவை முள் முழுக்க ஏறாது, ஆஃப் பண்ணிப் பத்து செகண்ட் விட்டு மறுபடி ஆன் பண்ணு. பம்ப் ஓடும்போது முள் 60-க்கும் 66-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அதைக் குறித்துக்கொள்.

அடுத்து, எதையும் தொடாமல் பத்து நிமிஷம் விடு. 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. நிறையப் பேர் முதல் எண்ணைப் பார்த்ததும் கேஜைக் கழற்றிவிடுவார்கள். உன் வண்டியின் கதை இந்தப் பத்து நிமிஷத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ராத்திரி நிற்கும்போது பிரஷர் எங்கேயோ வடிந்துவிடுகிறது. சாவியைத் திரும்பத் திரும்ப ஆன் பண்ணும்போது பம்ப் ரெண்டு ரெண்டு செகண்டாக ஓடி அதைச் சேர்த்துக் கொடுக்கிறது, அதனால் பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது, இஞ்சினை ஓடவிட்டுப் பார். ஐடிலில் இன்டேக்குக்குள் வேக்குவம் இருப்பதால் முதல் எண்ணிலிருந்து 3 முதல் 10 வரை குறையும், அது சரிதான். த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் முள் மேலே ஏற வேண்டும். லோடில் இழுக்கவில்லை என்ற புகாரும் இருந்தால், ஹோஸைப் பானெட்டின் பின் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கேஜை முன்கண்ணாடியில் வெளிப்பக்கமாக டேப் போட்டு ஒட்டி ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். நீ ஓட்டு, முள்ளை மாப்பிள்ளை பார்க்கட்டும். கேஜைக் கேபினுக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள்.

முதல் எண்ணே குறைவாக வந்தால் அப்போதும் பம்பில் கை வைக்காதே. சேசிஸை ஒட்டி இருக்கும் ஃபில்டரை மாற்று. பிறகு பம்ப் ஓடும்போது அதன் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பார், பேட்டரி வோல்டேஜுக்கு நெருக்கமாக வர வேண்டும். எர்த் வயர் துருப்பிடித்திருந்தால் நல்ல பம்ப்கூட நோஞ்சானாகத்தான் ஓடும். இத்தனையும் சரியாக இருந்தும் எண் ஏறவில்லை என்றால் அப்போது அந்த ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி.

முதல் எண் சரியாக இருந்து, பத்து நிமிஷத்தில் மளமளவென்று இறங்கினால் வடிகிற இடம் மூன்றில் ஒன்று: பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி வடியாமல் தடுக்கிற பம்பின் செக் வால்வு, பிரஷரைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர், இஞ்செக்டர். மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்புகிற ரிட்டர்ன் லைனை நெரித்துப் பார் என்று யாராவது சொல்வார்கள், நைலான் குழாயில் பிளையரை வைத்தால் உடைந்துவிடும், வேண்டாம். இந்த இஞ்சினில் ரெகுலேட்டரும் இன்டேக்குக்குள்ளேயே இருக்கிறது. த்ராட்டில் பாடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார். சுற்றிலும் கரி அப்பியிருக்க, ஒரு பக்கம் மட்டும் பெட்ரோல் கழுவிவிட்டு அலுமினியம் பளிச்சென்று தெரிந்தால் ரெகுலேட்டரோ ஸ்பைடரோ கசிகிறது. காலையில் ஸ்டார்ட் ஆனதும் கறும்புகை வருகிறதா என்று நான் கேட்டதற்கு நீ பதிலே சொல்லவில்லை. அதையும் பார். கசிவு அங்கே என்றால் புதுப் பம்ப் போட்டும் மறுநாள் காலையில் இதே கதைதான், பம்புக்குக் கொடுத்த காசும் டேங்க் இறக்கின கூலியும் தண்டம். உள்ளே எல்லாம் காய்ந்து கரியாகவே இருந்தால் செக் வால்வு மேல்தான் என் சந்தேகம் போகும். அது பம்போடு சேர்ந்தது, பம்பைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றுவதாக இருந்தாலும் முழு டேங்கோடு ஆரம்பிக்காதீர்கள், கால் டேங்குக்குக் கீழே வரட்டும். ஆள் துணை கிடைத்தால் டேங்கை இறக்குவதைவிட பின்னால் சரக்கு ஏற்றுகிற தொட்டியின் போல்ட்டைக் கழற்றித் தூக்கிவிடுவது சுலபம்.

மூன்று எண்ணையும் எழுதி, முள் நிற்கிற படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பு. சனிக்கிழமை உனக்குக் காலை எட்டு மணி என்றால் எனக்குச் சாயங்காலம் ஆறரை, சும்மாதான் இருப்பேன். வீடியோ கால் போட்டுவிட்டே கேஜை மாட்டு.

அன்புடன்,
அப்பா