அண்ணே, அந்த மரம் நம்ம தோப்புல வேணாம்

அண்ணே,

இன்னிக்கு நவம்பர் 16, 2018ல கஜா புயல் அடிச்ச நாள். காலையிலேருந்து ஊர்ல எல்லாரும் கஜா போட்டோவா ஸ்டேட்டஸ் வச்சிட்டிருக்காங்க. அந்த ராத்திரியப் பத்தி நான் எழுதப்போறதில்ல, உனக்கு எல்லாம் தெரியும். நீ கேட்டதுக்குப் பதில் சொல்லத்தான் எழுதுறேன். போன்ல சொன்னா நீ பேச்ச மாத்திடுவ, இல்லன்னா நான் அழுதுடுவேன், குடும்ப குரூப்புல போட்டா சித்தப்பா பஞ்சாயத்துக்கு வந்துடுவாரு. இங்க எழுதுனா வெளிநாட்டுல புள்ளைங்க இருக்கற மத்த தோப்புக்காரங்களும் படிப்பாங்க, அவங்களுக்கும் நாளைக்கு இதே கேள்வி வரும். உன் பேரு, கம்பெனி பேரு, நம்ம ஊரு பேரு எதையும் போடல. பேராவூரணிப் பக்கம்னு மட்டும் இருக்கட்டும். அப்படியும் சொந்தக்காரங்க கண்டுபிடிச்சிடுவாங்க, அதுக்கு மன்னிச்சிடு.

பதில் இதுதான். நீ ப்ளேன்ல வர்ற புகைக்கு ஈடா, கார்பன் கிரெடிட் கம்பெனி மூலமா கிழக்குத் தோப்புல மகோகனியும் தேக்கும் நட நான் கையெழுத்து போட மாட்டேன்.

கோவப்படாத, முழுசா படி. நீ நல்ல மனசோடதான் கேட்டன்னு எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ரெண்டு தடவ அமெரிக்கா ஹூஸ்டன்லேருந்து பறந்து வர்றது உனக்கே உறுத்துது, அந்த உறுத்தல் நெறைய பேருக்கு வர்றதே இல்ல. கஜாவுக்கு அப்பறம் நீ லீவு போட்டு ஓடி வந்து, கம்ப்யூட்டர் தட்டுற கையால மரம் அறுக்குற மெஷின புடிச்சு, உள்ளங்கையெல்லாம் கொப்பளிச்சுப்போய் நின்ன. நீ அனுப்புன பணத்துலதான் மரமெல்லாம் வெட்டி எடுத்து புதுசா கன்னு வச்சோம். இத நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.

ஆனா அந்த வாரமே நீ அப்பாகிட்ட ஒண்ணு சொன்ன. அத என்னால இன்னிக்கு வரைக்கும் முழுங்க முடியல.

உனக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல. விஏஓ கூட வந்தவங்க விழுந்த மரத்துல சுண்ணாம்பால கோடு போட்டு எண்ணிட்டிருந்தாங்க, ஒண்ணு மேல ஒண்ணு கெடந்ததால எண்ணிக்கை தப்பித் தப்பிப் போச்சு. அப்பா ஒரு மரத்து மேல உக்காந்து குருத்த தடவிட்டு "இன்னும் பச்சையாத்தான்டா இருக்கு"ன்னாரு. நீ பக்கத்துல குந்தி உன் போன்ல செவப்பு செவப்பா கடல் மேப் காட்டி, பூமில கூடுதலா சேர்ற சூட்டுல சுமார் 90 சதவீதம் கடல்தான் வாங்கிக்குது, கடல் சூடானா புயலுக்கு பலம் ஏறும்னு பொறுமையா சொல்லிக் குடுத்த. இந்த ஒரு புயலுக்கு இவங்கதான் காரணம்னு கை நீட்ட முடியாதுன்னும் சொன்ன, அது சரிதான். அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப கடல யாருப்பா சூடாக்குனது?"ன்னு கேட்டாரு. நீ சட்டுனு, "எல்லாரும்தாம்ப்பா. மனுஷங்க எல்லாரும் சேர்ந்து பண்ணதுதான்"னுட்ட.

அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்பறம், "நானும் வருஷா வருஷம் மட்டையக் கொளுத்திக்கிட்டுத்தானே கெடந்தேன்"னாரு.

நீ அப்ப போன பாத்துட்டிருந்த. நான் அவரு மூஞ்சியப் பாத்தேண்ணே. மொத்த தோப்பும் சாஞ்சு கெடக்குது, டிவிஎஸ் 50ய தவிர வேற வண்டி ஓட்டாத மனுஷன், ஏரோப்ளேன்ல ஏறாத மனுஷன், அந்தப் பழில தன் பங்க எடுத்துக்கிட்டாரு. அதுக்கப்பறம் கடைசி வரைக்கும் தோப்புல ஒரு மட்டைய எரிக்க விடல. அம்மா வெந்நி அடுப்புக்கு எடுத்தாக்கூட திட்டுவாரு, எல்லாத்தையும் இழுத்துட்டுப் போய் குழில போடுவாரு, முட்டி வலியோட.

மட்ட எரிஞ்சா வர்ற கார்பன் அந்த மரமே கொஞ்சம் முன்னாடி காத்துலேருந்து எடுத்தது, அடுத்து வர்ற குருத்து அத திரும்ப இழுத்துக்கும். புகை கண்ணுக்குக் கெடுதல்தான், வேணாம்னா சரி. ஆனா பூமிக்கடியில கோடிக்கணக்கான வருஷமா கெடந்த பெட்ரோல், நிலக்கரிய தோண்டி எடுத்து எரிக்கிறது வேற, அது புதுசா காத்துல ஏறுது, ஏறுனதுல ஒரு பங்கு ஆயிரம் வருஷம் ஆனாலும் எறங்காது. இது என்னைவிட உனக்கு நல்லாத் தெரியும். அதத் தோண்டுற தொழில்லதான் உன் சம்பளம் வருது. அப்பாகிட்ட அத மட்டும் சொல்லாம விட்டுட்ட.

ஆக்ஸ்பாம்ங்கற தொண்டு நிறுவனம் 2023ல போட்ட கணக்கு நீயும் பாத்திருப்ப. 2019ல உலகத்துல மேல இருக்கற 1 சதவீதம் பேரு விட்ட புகை, கீழ இருக்கற 66 சதவீதம் பேரு, அதாவது சுமார் 500 கோடி பேரு, விட்ட புகைக்குச் சமம். அந்த 1 சதவீதம்னா அம்பானி, பெசோஸ்னு நெனச்சிட்டிருந்தேன். வருஷத்துக்கு சுமார் 1,40,000 டாலருக்கு மேல சம்பாதிக்கிறவங்கன்னு போட்டிருந்தான். உன் சம்பளத்த நான் இங்க எழுத மாட்டேன். நீயும் அண்ணியும் பாத்துக்கங்க. நீங்க அமெரிக்காவுலேருந்து வந்துட்டுப் போற ஒரு ரிட்டர்ன் டிக்கெட்டு எகானமிலயே தலைக்கு 2 டன்னுக்கு மேல கார்பன் புகை, பிசினஸ் கிளாஸ்னா அதுல ரெண்டு மூணு மடங்கு. இங்க ஒரு ஆளுக்கு வருஷம் முழுக்க சராசரியே சுமார் 2 டன்தான், அதுலயும் பங்களாக்காரன் பங்கும் கூலிக்காரன் பங்கும் ஒண்ணா கெடக்கு.

நீ வரக்கூடாதுன்னு சொல்லல. நீ வரலன்னா அம்மா செத்துடும். இத எப்படி எழுதுனாலும் உன்ன வராதன்னு சொல்ற மாதிரி ஆயிடுமோன்னுதான் இவ்வளவு நாளா எழுதல.

2017ல ஹார்வி புயல் வந்தப்ப உன் வீட்டுக்குள்ளயும் தண்ணி பூந்துச்சு, நாங்க இங்க சாப்பிடாம கெடந்தோம். உனக்கு வெள்ள இன்சூரன்ஸ் இருந்துச்சு, கொஞ்ச நாள்ல புது தரை, புது சுவரு. ஊறிப்போன சுவத்த உடைக்க வந்த மெக்சிகோக்காரங்க வீட்லயும் தண்ணி, அவங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லன்னு நீதான் வருத்தப்பட்டு சொன்ன. அடுத்த வருஷம் நமக்கு வந்தது என்ன? விழுந்த மரத்துக்கு 600, அத வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக ஒரு தென்னைக்கு 1,100 ரூபா. வருஷத்துக்கு நூறு காய் காய்ச்சு அம்பது வருஷம் சோறு போடுற மரம்ணே அது.

அதாவது நமக்கு வந்துச்சு. நம்ம தோப்புல கீத்து முடைஞ்சுட்டிருந்த அக்காவுக்கு மரத்துக்குன்னு ஒத்த பைசா கெடையாது, ஏன்னா மரம் அவங்க பேருல இல்ல. மட்ட பொறுக்கி, தண்ணில ஊறப்போட்டு, குந்துன எடத்துலயே நாளெல்லாம் முடைவாங்க, விரல் எல்லாம் வெட்டு. மரம் போனதும் அந்தப் பொழப்பு போச்சு, திருப்பூருக்கு போனாங்க, திரும்பி வந்து இப்ப நூறு நாள் வேலை. நீ விட்ட புகைல ஒரு துளி அவங்க விட்டிருக்க மாட்டாங்க. நான் விட்டதுலயே பாதிகூட இருக்காது.

துபாய் காலநிலை மாநாட்டுல 2023ல, புயல் வெள்ளத்துல இழந்த ஏழை நாடுகளுக்கு இழப்பு நிதின்னு ஆரம்பிச்சாங்களே, அதுக்கு உன் நாடு தர்றேன்னது 1.75 கோடி டாலர். இதுவரைக்கும் உலகம் எரிச்ச நிலக்கரி, பெட்ரோல் புகைல கால்வாசி அவங்க கணக்கு. 2025 மார்ச்சுல அந்த நிதியோட போர்டுலேருந்தே வெலகிட்டாங்க. அதுக்கு நீ என்ன பண்ணுவ, தெரியும். ஆனா அவங்க செய்யாதத உன் அளவுல செய்யணும்னு தோணி, நீ கண்டுபிடிச்ச வழியும் கடைசில நம்ம தோப்புலதான் வந்து நிக்குது பாத்தியா? நீ பறக்கறதுக்கு நாங்க மரம் வளத்து, வருஷக்கணக்கா வெட்டாம காவல் காக்கணும், அந்த கம்பெனி ஆப்புல போட்டோ அனுப்பணும். கஜா மாதிரி இன்னொண்ணு அடிச்சா உன் கார்பன் மொத்தமும் கீழ கெடக்கும். காத்துல போனது மேலயேதான் இருக்கும்.

அப்பா வச்சிட்டுப் போன கன்னு இப்பத்தான் பாளை விட்டுக் காய்க்குது. 2025ல தேங்கா வித்த வெலைக்கு, மரம் நின்ன தோப்புக்காரங்க கடன அடைச்சிட்டாங்க. நமக்கு வெள்ளை ஈ பூச்சி வேற. அந்தக் கன்ன எடுத்துட்டு மகோகனி வைன்னு நீ சாதாரணமா வாய்ஸ் நோட்டுல சொல்லிட்ட, அதக் கேட்டுட்டு ரெண்டு நாள் உன் போன எடுக்கல, அதுக்கு சாரி. சாரின்னாலும் மறுபடி அப்படிச் சொன்னா மறுபடி எடுக்க மாட்டேன்.

அந்த கிரெடிட் கம்பெனிக்குக் கட்டறதா இருந்த பணத்த அந்த அக்கா வீட்டுக் கூரைக்குக் குடு. இன்னமும் மேல தார்ப்பாய்தான் கெடக்கு. தர்மம்னு இல்ல, நீ குடுக்க வேண்டிய பங்கு. நானும் தோப்பு வருமானத்துல ஒரு பங்கு போடறேன், அது அம்மாகிட்ட பேசியாச்சு. அடுத்த தடவ வந்தா ரெண்டு தடவயா வராம ஒரே தடவயா சேத்து ரெண்டு மாசம் இருந்துட்டுப் போ, அம்மாவும் அததான் கேக்குது.

இன்னொண்ணு. அம்மா இன்னும் மட்டைய அடுப்புல வைக்க மாட்டேங்குது, கேஸ் தீந்தாலும் பக்கத்து வீட்டுல போய் கடன் வாங்குது, அப்பா வேணாம்னாருன்னு. நான் சொன்னா நம்பாது, நீ அமெரிக்காவுல படிச்சவன், நீ சொன்னா கேக்கும். இன்னிக்கே போன் போட்டு, அப்பா மட்ட எரிச்சதால புயல் வரலன்னு நீயே உன் வாயால சொல்லிடுண்ணே.