ராமேஸ்வரத்தில் அம்மாவின் கைபிடித்த அக்காவுக்கு

மதுரையிலிருந்து காரில் கிளம்பி, பாம்பன் பாலம் தாண்டி, அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டுக் கோயிலுக்குள் போனோம். 22 தீர்த்தங்களும் ஆட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அவருக்கோ முட்டிவலி. ஈரத்தில் வழுக்கும் கல்தரை, முண்டியடிக்கும் கூட்டம், என் இடுப்பில் கைக்குழந்தை.

"நீ பிள்ளையப் பாரும்மா, அம்மாவ நான் பாத்துக்கிறேன்" என்று வந்து கையைப் பிடித்தீர்கள். கிணற்றுக்குக் கிணறு, "பாட்டிக்கு மெதுவா ஊத்துங்கய்யா" என்று இறைப்பவரிடம் சொல்லிச் சொல்லி, கடைசிக் கோடி தீர்த்தம் வரை கூடவே நடந்தீர்கள். ஈரத்துணியோடு சந்நிதிக்குப் போகக் கூடாதே; அம்மா சேலை மாற்றும்போது மறைப்பாகவும் நின்றீர்கள். பெற்ற மகளே இதைவிட என்ன செய்துவிட முடியும்!

ராமநாதசுவாமி முன்னால் அம்மா உங்கள் குடும்பத்துக்காகத்தான் முதலில் வேண்டிக்கொண்டார். ரொம்ப நன்றி, அக்கா.